திருச்சி – யாழ்ப்பாணம் விமானம்: 184 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமா?

காவிரிக்கரையான் எழுதியது:

வணக்கம். அடுத்த மாதம் அம்மாவை யாழ்ப்பாணம் கூட்டிப் போகிறேன். திருச்சியிலிருந்து பலாலிக்கு, அதாவது யாழ்ப்பாண விமான நிலையத்துக்கு, நேர் விமானம். டிக்கெட் போட்டாயிற்று, இலங்கைக்கான அனுமதியும் ஆன்லைனில் எடுத்தாயிற்று. பாக்கி இருப்பது ஒரே ஒரு கேள்வி, அதற்குத்தான் ஆளாளுக்கு ஒரு பதில் வருகிறது. விமானத்துக்குள் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும்?

டிக்கெட்டில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் போட்டிருக்கிறது. தூரம் பார்க்கலாம் என்று இணையத்தில் தேடினேன். ஒரு தளம் 184 என்கிறது, இன்னொன்று 114, மூன்றாவது 99. நேரமும் அப்படித்தான். ஒரு தளத்தில் 12 நிமிடம், இன்னொன்றில் 44 நிமிடம். ஒரு தளம் சாலை வழித் தூரம்கூடத் தர முயன்றது. நடுவில் கடல் இருப்பது அதற்குத் தெரியாது போல. டிக்கெட் போட்டுக் கொடுத்த டிராவல்ஸ்காரரோ, "சார், அங்க கடிகாரம் நம்மள விட அரை மணி முன்னால ஓடும். ஒரு மணி நேரம்னு போட்டிருந்தா உண்மையில அரை மணிதான்" என்று சத்தியம் செய்கிறார்.

இவ்வளவு நோண்டுவதற்குக் காரணம் அம்மா. வயது 71. சர்க்கரை உண்டு, பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறார். நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து போக வேண்டும். சென்னைக்குப் பஸ்ஸில் போவதென்றால் முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார், சொன்னாலும் கேட்கமாட்டார். விமானம் ஏறியதே இல்லை. அவர் கேட்பது கிலோமீட்டர் இல்லை. "பெல்ட்டைப் போட்டா எப்ப அவுக்க விடுவாங்க? அத மட்டும் கேட்டுச் சொல்லு."

கப்பல் இருக்கிறதே என்று யாராவது சொல்வீர்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகிறது, தெரியும். அம்மா கப்பல் ஏறமாட்டார். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவர். தோட்டத் தமிழர்களில் யாருக்கு எந்த நாட்டுக் குடியுரிமை என்று இரண்டு அரசுகளும் பங்கு போட்டுக்கொண்ட 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. தாத்தா, பாட்டி, அம்மா மூவருக்கும் இந்தியா. கல்யாணமாகியிருந்த பெரியம்மாவுக்கு இலங்கை. 1973இல் இவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்தார்கள். ஹட்டனிலிருந்து வந்த ரயிலை அழுகைக் கோச்சி என்றுதான் அம்மா இன்றும் சொல்கிறார். கப்பலைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

பெரியம்மா குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு கிளிநொச்சி பக்கம் போய்விட்டது. இடையில் ஒரு முறைதான் இங்கே வந்து போனார், 2012இல். இப்போது கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். வயது 78. அதனால்தான் ஆடி மாதம் என்றும் பார்க்காமல் கிளம்புகிறோம்.

போய் வந்தவர்கள் யாராவது சரியான நேரத்தைச் சொல்லுங்கள்.

ஜன்னலோரம் எழுதியது:

விமானத்தைப் பின்தொடரும் செயலியில் பழைய பயணங்களைத் தேடிப் பாருங்கள், தரையை விட்ட நேரமும் தொட்ட நேரமும் வரும். நான் சென்னையிலிருந்து பலாலி போயிருக்கிறேன், திருச்சியிலிருந்து போனதில்லை. சென்னையிலிருந்து நேர்க்கோட்டில் 350 கிலோமீட்டர் சொச்சம். உங்களுடையது அதில் பாதிதான். ஒன்று சொல்கிறேன், இது ஜெட் இல்லை, விசிறி வைத்த விமானம். வேகம் குறைவு, ஆனால் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலிருந்தும் தரை தெரியும். அம்மாவை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள்.

லோடுஷீட் எழுதியது:

தம்பி, நான் ஓய்வு பெறும்வரை விமான நிலையத்தில் லோடு அண்ட் டிரிம் பார்த்தவன். எந்தப் பெட்டி முன்னால், எது பின்னால், மொத்தம் எத்தனை கிலோ என்று கணக்குப் போட்டு விமானியிடம் கையெழுத்து வாங்கும் வேலை. ஓட்டத் தெரியாது, கணக்கு தெரியும்.

அந்த மூன்று எண்களும் சரிதான். 184 கிலோமீட்டர், 114 மைல், 99 கடல் மைல் எல்லாம் ஒரே தூரம். விமானி பேசுவது கடைசிக் கணக்கில். அதை ஒரு துண்டுச் சீட்டில் நீங்களே போட்டுவிடலாம். திருச்சி விமான நிலையம் 10 டிகிரி 46 நிமிடம் வடக்கு. பலாலி 9 டிகிரி 47 நிமிடம். வித்தியாசம் 59 நிமிடம். இது கடிகார நிமிடம் இல்லை, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. வடக்கு தெற்காக அந்த ஒரு நிமிடம்தான் ஒரு கடல் மைல். ஆக, 59 கடல் மைல் தெற்கே போக வேண்டும். கிழக்கே பார்த்தால் 78 டிகிரி 43-லிருந்து 80 டிகிரி 4 வரை, 81 நிமிடம். நம் அட்சரேகையில் அது கொஞ்சம் சுருங்கும், 80 கடல் மைல் என்று வையுங்கள். 59-ஐயும் 80-ஐயும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள், பள்ளிக்கூடத்து பிதாகரஸ்தான். 99 வரும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பெருக்கினால் 184 வந்து நிற்கும்.

இதே கணக்கில் திருச்சி – சென்னை 290 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதாவது, ஆகாய வழியில் உங்களுக்குச் சென்னையைவிட யாழ்ப்பாணம் நூறு கிலோமீட்டருக்கு மேல் கிட்டம். திருச்சிக்காரர்கள் பாதிப் பேருக்கு இது தெரியாது. திருச்சி – கொழும்பு 415 கிலோமீட்டருக்கு மேல். கொழும்பில் இறங்கி யாழ்ப்பாணம் போனால் வந்த தூரத்தில் பெரும்பகுதியைத் தரை வழியாகத் திரும்பி வடக்கே ஏற வேண்டும். நேர் விமானம் எடுத்தீர்களே, நல்ல காரியம்.

நேரத்துக்கு வருவோம். 12 நிமிடம் சொன்ன தளம் 184-ஐ ஜெட் வேகமான 900-ஆல் வகுத்திருக்கிறது. திருச்சி ஓடுபாதையில் 900 கிலோமீட்டர் வேகத்தில் நிற்கிற விமானம் இருந்தால் அது சரி. 44 நிமிடம் சொன்ன தளம் மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வைத்து, ஏற இறங்க ஒரு அரை மணி நேரத்தை மொத்தமாகச் சேர்த்திருக்கிறது. வழி தப்பு, விடை சுமாராக ஒத்துப்போகும். நான் மனப்பாடம் செய்யாமல் பரீட்சை எழுதியது போல.

உண்மையில் உங்களுக்கு வரப்போவது ஏ.டி.ஆர் 72 என்கிற விசிறி விமானம். நேராகப் பறக்கும்போது மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். ஆனால், இந்தத் தூரத்தில் நேராகப் பறப்பது எங்கே? ஏறும்போது வேகம் மணிக்கு 315 கிலோமீட்டர் அளவுதான். 13,000 அடி ஏறுவதாக வைத்தால் 11, 12 நிமிடம், அதற்குள் 35 கடல் மைல் காலி. இறங்குவதற்கு 1,000 அடிக்கு 3 கடல் மைல் என்பது பைலட்டுகளின் வாய்ப்பாடு. 13,000 அடிக்கு 39 கடல் மைல். கூட்டிப் பாருங்கள், 74 ஆயிற்று. 99-இல் மிச்சம் 25. மேலே போய் நிமிர்ந்து ஆறு ஏழு நிமிடத்தில் தலையைக் கீழே சாய்த்துவிடும். ஏறி முடித்தவுடன் இறங்குகிற பயணம் இது.

அடுத்து காற்று. ஆடியில் போகிறீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று திருச்சியில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விமானம் காற்றை எதிர்த்துத்தான் எழும்ப வேண்டும். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஆகவே யாழ்ப்பாணம் கிழக்கே இருக்க, நீங்கள் முதலில் கரூர் பக்கம் பார்த்து எழும்புவீர்கள். அப்புறம் வளைந்து திரும்ப வேண்டும். பலாலி ஓடுபாதை தென்மேற்கு – வடகிழக்கு. அங்கேயும் காற்று தென்மேற்கிலிருந்து. அதை எதிர்த்து இறங்க, விமானம் ஊரைத் தாண்டிக் கடல் பக்கம் போய், திரும்பி வர வேண்டியிருக்கும். இரண்டு வளைவுக்கும் சேர்த்து ஐந்தாறு நிமிடம். போகும்போது முதுகுக் காற்றில் இரண்டு நிமிடம் லாபம் வரும், வரும்போது அதைத் திருப்பிக் கொடுப்பீர்கள்.

மொத்தத்தில் தரையை விட்டுத் தரையைத் தொட 35 முதல் 40 நிமிடம்.

அப்படியானால் டிக்கெட்டில் ஏன் ஒரு மணி? டிக்கெட் நேரம் பறக்கும் நேரம் இல்லை. நிறுத்திய இடத்திலிருந்து சக்கரம் நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்கும் வரைக்குமான நேரம். நாங்கள் பிளாக் டைம் என்போம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் ஒரு விமானம் இறங்கினால் காத்திருப்பது, எல்லாம் அதற்குள். அதற்கு மேலே கொஞ்சம் பஞ்சும் வைத்துத் தைப்பார்கள், தாமதக் கணக்கில் விழாமலிருக்க.

அம்மாவுக்குப் பதில்: பெல்ட் போட்டதிலிருந்து அவிழ்க்கலாம் என்று விளக்கு அணையும்வரை 20, 25 நிமிடம். பிறகு ஒரு பத்து நிமிடம் இடைவெளி. மறுபடி போட்டால் இறங்கி நிற்கும்வரை 20 நிமிடம். வானிலை மோசமென்றால் நடுவில் அவிழ்க்கவே விடாமலும் போகலாம், அதையும் சொல்லி வையுங்கள்.

சுன்னாகம்வாசி எழுதியது:

அண்ணை, அந்த டிராவல்ஸ்காரர் இருபது வருசம் பிந்திப் போனார். இப்ப எங்களுக்கும் உங்களுக்கும் ஒரே நேரம்தான். 1996இல் மின்வெட்டு நாட்களில் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது, பிறகு அதே வருசம் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தது. அந்த அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரைக்கும் இருந்தது. அவர் அதைத்தான் பிடிச்சுக்கொண்டு நிற்கிறார். உங்கட பெரியம்மாவைக் கேட்டுப் பாருங்கோ, வடிவாகச் சொல்லுவா. புலிகளிட்ட இருந்த வன்னியில் அப்ப புது நேரத்தை ஏற்கவில்லை, பழைய நேரம்தான். எல்லைச் சாவடி இருந்த ஓமந்தையைத் தாண்டினால் மணிக்கூட்டைத் திருப்ப வேணும். கலியாண வீட்டுக்குச் சொல்லேக்கையே "பழைய நேரமா, புது நேரமா" என்று கேட்ட காலம் அது.

பலாலியைப் பற்றிச் சொல்லுறன். இரண்டாம் உலக யுத்தத்தில் வெள்ளைக்காரன் போட்ட ஓடுபாதை. 1947 டிசம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் எழும்பி, இங்கே இறங்கி, பிறகு சென்னைக்குப் போனது. அதுக்குப் பிறகு யுத்தம் வந்து, இந்தியாவுக்கான பாதை பல காலம் மூடிக் கிடந்தது. 2019 ஒக்டோபர் 17 ஆம் திகதிதான் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தவை. கொரோனாவோடு திரும்பவும் நின்று, 2022 டிசம்பரில் சென்னை விமானம் வந்தது. திருச்சிக்கு இன்டிகோ 2025 மார்ச் 30 ஆம் திகதி தொடங்கினது.

கட்டிடம் சின்னன். திருச்சியின் புது முனையத்தைப் பார்த்த கண்ணோடு வந்தால் பள்ளிக்கூட மண்டபம் மாதிரி இருக்கும். அது உங்கட அம்மாவுக்கு நல்லதுதான், நடை குறைவு. ஆனால் ஒரே நேரத்தில் எழுபது பேர் இறங்கினால் குடிவரவுக்கு வரிசை நிற்கும். அதுக்கு முன்னமே கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.

அங்கேயிருந்து யாழ்ப்பாண நகரம் 16, 17 கிலோமீட்டர் தெற்கே. உங்களுக்கு நகரத்துக்குப் போகத் தேவையில்லை. கொடிகாமம் பக்கம் போய் ஏ9 வீதியைப் பிடிச்சு, ஆனையிறவு, பரந்தன், பிறகு கிளிநொச்சி. வானுக்கு முதலே சொல்லி வையுங்கோ. இரண்டு மணித்தியாலம் என்று வையுங்கோ, குறைஞ்சால் சந்தோசம். ஆனையிறவில் நிற்பாட்டி ஒரு தேத்தண்ணி குடியுங்கோ, ஆனால் சீனி வேண்டாம் என்று முதலே சொல்ல வேணும். சொல்லாவிட்டால் பாதிக் கோப்பை சீனிதான்.

காவிரிக்கரையான் எழுதியது:

லோடுஷீட் ஐயா, சுன்னாகம் அண்ணா, இருவருக்கும் நன்றி. அந்த 59, 80 கணக்கை என் மகள் ஒரு பேப்பரில் போட்டுப் பார்த்தாள். 99.4 வந்தது. மீதி 0.4 எங்கே போனது என்று பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

அம்மாவிடம் 20 நிமிடம், இடைவெளி, 20 நிமிடம் என்று சொன்னேன். "அவ்வளவுதானா, நம்ம வீட்டு சீரியல் மாதிரி" என்றார். ஆனாலும் தண்ணீர் குடிக்காமல் வருவேன் என்கிறார். கழிவறை எந்தப் பக்கம் இருக்கும்? எந்த சீட் கேட்க வேண்டும்?

லோடுஷீட் எழுதியது:

தண்ணீர் குடிக்காமல் கிளம்ப விடாதீர்கள் தம்பி. சர்க்கரைக்காரருக்கு அது ஆகாது. மாத்திரையை எப்போது போடுவது என்று மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அது என் கணக்கு இல்லை.

ஏ.டி.ஆரில் ஏறும் கதவு பின்னால்தான். முன் பக்கக் கதவு சாமான்களுக்கு. கழிவறையும் பின்னால், அந்தக் கதவுக்குப் பக்கத்தில். எல்லாரும் பழக்கத்தில் முன் சீட் கேட்பார்கள். நீங்கள் கடைசி வரிசைகளில் ஒன்றைக் கேளுங்கள். ஏறியதும் உட்காரலாம், கழிவறை நான்கு எட்டு, இறங்கும்போதும் நீங்கள்தான் முதலில். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சீட்தான், நடு சீட் என்ற தொல்லை கிடையாது. வலப்பக்கம் எடுங்கள். கடல் பக்கம் போய்த் திரும்பினால் வலப்பக்கத்தில் ஊர் தெரியும்.

சக்கர நாற்காலி வேண்டுமென்று இப்போதே விமான நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள். நடக்க முடிந்தாலும் சொல்லுங்கள், வரிசைகளில் நிற்கும் நேரம் மிச்சம். பறக்கிற 35 நிமிடம் ஒரு விஷயமே இல்லை. வீட்டிலிருந்து கிளம்பி, மூன்று மணி நேரம் முன்னால் போய், செக்-இன், குடியேற்றம், பாதுகாப்புச் சோதனை என்று நிற்பதில்தான் கால் கடுக்கும்.

இன்னொன்று. ஏறும்போது வலப்பக்க எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்கலாம், ஆனால் விசிறி சுற்றாமல் நிற்கும். பழுது என்று அம்மா பயப்படப் போகிறார். ஏ.சி.க்கும் விளக்குக்கும் மின்சாரம் எடுக்க விசிறியைப் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு எஞ்சினை மட்டும் ஓட்டுவார்கள். ஹோட்டல் மோடு என்று அதற்குப் பெயர். யார் வைத்த பெயரோ, சாப்பிட ஒன்றும் கிடைக்காது.

காவிரிக்கரையான் எழுதியது:

போய்விட்டு வந்துவிட்டோம். கேள்வி கேட்டவன் விடையும் எழுத வேண்டும் இல்லையா, அதனால் இது.

போகும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்து டிக்கெட் உறையின் பின்னால் குறித்துக்கொண்டே போனேன். கதவை மூடியதைப் பூஜ்யம் என்று வைத்தேன். 3-ஆவது நிமிடம் நகர்ந்தது. 9-ஆவது நிமிடம் தரையை விட்டது, ஐயா சொன்னது போலவே மேற்கே பார்த்து. அப்புறம் இடப்பக்கமாகச் சாய்ந்து திரும்பியது. எங்கள் ஜன்னலில் வெறும் வானம்தான். அம்மா முன் சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஊரு எங்கடா போச்சு?" என்றார்.

21-இல் பெல்ட் விளக்கு அணைந்தது. அணைந்த சத்தம் அடங்குவதற்குள் அம்மா எழுந்துவிட்டார். கடைசிக்கு முந்தைய வரிசை கிடைத்திருந்தது, அதனால் நாங்கள்தான் முதல். திரும்பி வந்து உட்கார்ந்தபோது 25. அப்போதுதான் கீழே கரை முடிந்தது. அதிராம்பட்டினம் பக்கமாக இருக்க வேண்டும், சதுப்பு நிலமும் பழுப்புத் தண்ணீரும் கொஞ்ச தூரம் கலங்கிக் கிடந்து, பிறகு நீலம். படகுகள் அரிசி போட்டது மாதிரி தெரிந்தன.

நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மிட்டாய் கவரைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

30-இல் இறங்கப் போகிறோம் என்றார்கள். வடைக்கு மாவு ஆட்டுகிற நேரம்கூட ஆகவில்லை என்றார் அம்மா. 38-இல் எங்கள் ஜன்னலுக்கு முன்பக்கமாக, கீழே, சக்கரம் வெளியே வந்தது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வயிற்றுக்குள்ளிருந்து கதவு திறந்து, இரட்டைச் சக்கரம் மெதுவாக மடங்கி விரிந்து, கடலுக்கு மேலே தொங்கிக்கொண்டு நிற்கிறது. அம்மாவுக்கு விமானம் பிடித்துப்போனது அந்த நொடியில்தான். பறவை இறங்குவதற்கு முன்னால் காலை நீட்டும் இல்லையா, அப்படி என்று கையை நீட்டி எனக்குக் காட்டினார். வலப்பக்கம் பனை மரங்களாக வந்தது. சக்கரம் தொடும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தோம், தொட்டதும் புகை ஒரு கீற்று. 44.

ஆக, வானத்தில் 35 நிமிடம். 49-இல் நின்றது, 52-இல் கதவு திறந்தது. டிக்கெட் சொன்னதைவிட முன்னாலேயே. 44 நிமிடம் சொன்ன தளத்தை இனி திட்டமாட்டேன்.

சக்கர நாற்காலி சொல்லியிருந்ததால் வரிசை பெரிதாக இல்லை. விமான நிலையப் பெயர்ப்பலகையில் தமிழ்தான் முதலில் இருக்கிறது. அம்மா அதை ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாகப் படித்தார். தள்ளிக்கொண்டு வந்த பையன் நிறுத்தி, படித்து முடிக்கும்வரை காத்திருந்தான். அவனுக்கு நான் நன்றி சொல்ல மறந்துவிட்டேன்.

சுன்னாகம் அண்ணா, ஆனையிறவில் தேத்தண்ணி குடித்தோம். சீனி வேண்டாம் என்று சொன்னேன். அப்படியும் இருந்தது.

வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து பெரியம்மா வீட்டுப் படி ஏறியதுவரை மொத்தம் 7 மணி 50 நிமிடம். அதில் திருச்சி விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்ததே கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். இதே போல வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் அந்த மூன்று மணி நேரத்துக்குத் தயாராகுங்கள். செக்-இன் முடிந்ததும் ஒரு முறை, பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் ஒரு முறை, கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு முறை என்று கழிவறைக்குக் கூட்டிப் போனேன். சாப்பிட இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக் கொண்டுபோனது நல்லதாகப் போயிற்று.

பெரியம்மா படுத்தபடியே, "எந்நேரம் புள்ள கெளம்புன?" என்று கேட்டார். அம்மா, "காலைலதான். ஆகாயத்துல அரை மணி" என்றார். பெரியம்மா நம்பவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார். உறையை எடுத்துக் காட்டினேன். பெரியம்மாவுக்குப் படிக்க வராது. ஆனாலும் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இப்போது உறை கிளிநொச்சியில் இருக்கிறது. இங்கே எழுதிய எண்கள் அன்று ராத்திரி மொபைலில் குறித்து வைத்தவை, ஒரு நிமிடம் முன்னே பின்னே இருக்கலாம்.

லோடுஷீட் எழுதியது:

35 நிமிடமா! நான் 36 என்று மனதில் வைத்திருந்தேன். தம்பி, திரும்பி வரும்போது எவ்வளவு? எதிர்க்காற்று, திருச்சியில் இறங்குவதும் காற்றை எதிர்த்து, அதனால் கிழக்கிலிருந்து நேராக உள்ளே வந்திருப்பீர்கள். வளைவு ஒன்று மிச்சம். இரண்டும் சேர்ந்து எப்படி வருகிறது என்று பார்க்க ஆசை.

காவிரிக்கரையான் எழுதியது:

மன்னிக்க வேண்டும் ஐயா, திரும்பும்போது குறிக்கவில்லை. எழும்பியதிலிருந்து இறங்கும்வரை அம்மா என் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடிகாரம் அந்தக் கையில்தான் இருந்தது.